கிட்னி கொடுக்கலாம்... விற்கலாமா?

"ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணைக் கொடுத்துட்டா கடன் அடைஞ்சுரும். ஒரே மாசத்துல பழையபடி தறி ஓட்டலாம்!"

விசைத்தறி ஊர்களில் கிட்னித் தரகர்கள் காட்டும் ஆசை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 2025-ம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் சிக்கிய தறித் தொழிலாளர்களின் கிட்னி விலை பேசப்பட்டதாகப் புகார் எழுந்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளுக்குத் தந்திருந்த கிட்னி மாற்று சிகிச்சை அனுமதியை அரசு நிறுத்தி வைத்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

'அது ஏழைபாழைகள் விஷயம், நமக்கென்ன?' என்கிறீர்களா? விற்பவர் ஏழை, வாங்குபவர்? வீட்டுப் பெரியவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய் வருகிறார் என்று வையுங்கள். 'ஆள் இருக்குதுங்க, பேசி முடிச்சுரலாம்' என்று ஒருவர் வந்து நின்றால், கோவையில் வசதியாக இருக்கும் குடும்பத்துக்கும் சபலம் தட்டும். சட்டத்தை நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது அதனால்தான்.

யார் கொடுக்கலாம்?

உடல் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி கொடுக்கலாம். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியும் சேர்ந்தார்கள். மச்சான், சித்தப்பா, நண்பர் ஆகியோர் 'நெருங்கிய உறவு' அல்ல. அன்பினால்தான் கொடுக்கிறார், பணத்துக்காக அல்ல என்று அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதி தந்தாக வேண்டும்.

தரகர் நுழைவது இந்தச் சந்தில்தான்! முன்பின் தெரியாதவர் திடீரென்று 'மச்சான்' ஆகிவிடுவார். போலிச் சான்றிதழும் தயாராகிவிடும். பணம் கொடுத்தவர், வாங்கியவர், ஆள் பிடித்தவர் எல்லோருமே சட்டப்படி குற்றவாளிகள். 2011 திருத்தப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். நெருங்கிய உறவில்லாத வெளிநாட்டவருக்கு இந்தியர் கிட்னி கொடுக்கவும் அனுமதி கிடையாது.

அவரே விரும்பி விற்றால் என்ன தப்பு?

நியாயமான கேள்விதான். ஈரானில் 1988-ல், பணம் பெற்றுக்கொண்டு கிட்னி கொடுப்பதை அரசே முறைப்படுத்தியது. பெரும்பாலான நாடுகள் அந்த வழிக்குப் போகவில்லை. காரணத்தை நம் ஊர்க் கணக்கே சொல்கிறது. சென்னையில் 2001-ல், கிட்னி விற்ற 305 பேரை ஆராய்ந்தார்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. ஆனால் நான்கில் மூன்று பேருக்கு அப்போதும் கடன் பாக்கி! குடும்ப வருமானமோ சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

ஆரோக்கியமான ஒருவர் ஒற்றைக் கிட்னியோடு வாழலாம் என்பது உண்மைதான். அதற்கு முழுப் பரிசோதனையும் போதிய ஓய்வும் தேவை. அதன்பின் காலமெல்லாம் செக்கப்பும் வேண்டும். காசு கைமாறிய பிறகு தரகர் இதையெல்லாம் கவனிப்பாரா?

நேர்வழி இல்லையா?

இருக்கிறது. வீட்டில் கொடுக்க ஆளிருந்தும் பொருந்தவில்லையா? அதே சிக்கலுள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ள, முறையான அனுமதியுடன் சட்டம் இடம் தருகிறது. அதுவும் இல்லாவிட்டால், மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்காக மருத்துவமனை மூலம் அரசின் டிரான்ஸ்டான் வரிசையில் பதிவு செய்யலாம். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான அவருடைய பெற்றோர் தானமாகத் தந்தார்கள். அதே ஆண்டில்தான் அரசுத் திட்டமும் தொடங்கியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்று சிகிச்சைக்கு உதவியும் உண்டு.

வரிசையில் காத்திருப்பது கஷ்டம்தான். அதற்காக, 'கமிட்டியில கேட்டா சொந்தம்னு மட்டும் சொல்லிருங்க' என்று யாராவது காதைக் கடித்தால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கொடுப்பவர் வீட்டிலும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள்!