விதைக்கடலையும் உஷ்ணமும்

ஆலங்குடி, வம்பன் பக்கத்துச் செம்மண் காடுகளில் நன்கு விளைந்த கடலையை விதைக்கென்று எடுத்துவைத்தும், அடுத்த பட்டத்தில் அது சரிவர முளையாமையைக் கண்டு வருந்தும் குடியானவர்கள் உளர். பழி மழையின்மேலும் ரகத்தின்மேலும் விழுகிறது. காய்க்குவியலுக்குள் அகப்பட்ட உஷ்ணத்தை நினைப்பார் சிலரே.

உஷ்ணம் வேறு, உஷ்ணநிலை வேறு. ஒரு செம்பு வெந்நீரும் ஓர் அண்டா வெந்நீரும் தர்மாமீட்டரில் ஒரே டிகிரியைக் காட்டக்கூடும்; ஆயினும் அண்டாவுக்கு எரிந்த விறகு எத்தனை மடங்கு என்பதை அடுப்படியில் இருப்போர் நன்கறிவர். விறகு கொடுத்தது உஷ்ணம். டிகிரி காட்டுவது உஷ்ணநிலை. இவ்வேற்றுமையை 18-ஆம் நூற்றாண்டில் தெளிவாக்கியவர் ஸ்காட்லாந்து தேசத்து ரசாயன சாஸ்திரியான ஜோசப் பிளாக்.

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கலோரி உஷ்ணம் வேண்டும். காய்ந்த மண்ணுக்கு ஏறக்குறைய அதில் ஐந்திலொரு பங்கே போதும். சித்திரை வெயிலில் செம்மண் காலைச் சுட, அருகிலுள்ள கண்மாய் நீர் குளிர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். அன்றியும், நீர் ஆவியாகும்போது கிராம் ஒன்றுக்குச் சுமார் 580 கலோரியைக் கவர்ந்து செல்லும். ஆகையால் ஈரக்காய் மெதுவாகவும், ஈரம் வற்றிய காய் விரைவாகவும் சூடேறும். விதைக்காயை உச்சிவெயிலில் பாறைமேல் பரப்பலாகாது. காலை மாலை வெயிலே நன்று.

விதை உயிருள்ளது; சுவாசிப்பது. ஈரம் மிகுந்தால் அதன் சுவாசமும் பூசணமும் மிகுந்து உஷ்ணத்தைப் பிறப்பிக்கும். காயும் இடையிலுள்ள காற்றும் உஷ்ணத்தை எளிதிற் கடத்தா. கூடையளவு காயில் பிறக்கும் உஷ்ணம் வெளியேறிவிடும். ஆளுயரக் குவியலிலோ நடுவில் தங்கி, உஷ்ணநிலையை ஏற்றி, முளையைக் கெடுக்கும். மேலே கை வைத்தவருக்கு ஒன்றும் தெரியாது. பூசணம் பிடித்த காயில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு, 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்ததன் பின்னரே கண்டறியப்பட்டது. அத்தகைய காயை மாட்டுக்கும் இடலாகாது.

ஆட்டினால் பருப்புக் குலுங்கும்வரை காயை உலர்த்துக; ஈரம் நூற்றுக்கு 9 பங்குக்கு மேற்படலாகாது. சேமித்த குவியலின் நடுவே இரும்புக் கம்பியைச் செருகிக் கால்மணி நேரம் விட்டு உருவித் தொட்டுப் பார்க்கலாம். இரும்பு உஷ்ணத்தை நன்கு ஏற்கும். கம்பி வெதுவெதுப்பாயிருந்தால் அன்றே குவியலைக் கலைத்துக் களத்தில் மெல்லிதாகப் பரப்பவேண்டும்.