பனிக்காடு வழியே பனியனுக்குக் குறுக்குவழி!

உலக உருண்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் ஊரான அவிநாசியில் நூலுக்கா பஞ்சம்? ஒரு முழம் போதும். ஒரு முனையைக் கோவை விமான நிலையத்தில் அழுத்துங்கள், மறுமுனையை நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு இழுத்துப் பிடியுங்கள். அரபிக்கடலைத் தாண்டி நேர் மேற்கே போகும் என்றுதானே நினைத்தீர்கள்? வழுக்கிக்கொண்டு வடக்கே ஓடுகிறது நூல்! மும்பை, சிந்து, மாஸ்கோ என்று ஏறி, ஐஸ்லாந்தின் தென்பகுதியைக் கடந்து, கிரீன்லாந்தின் தென்முனையைத் தொட்டுவிட்டுத்தான் அமெரிக்காவில் இறங்குகிறது.

நீளம் சுமார் 13,500 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 15 மணி நேரம். கணக்கு முடிந்ததா? இனிமேல்தானுங்க கூத்தே!

அந்தக் கோட்டில் விமானமே கிடையாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. 2022-இலிருந்து ரஷ்யாவின் வானத்தில் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கும் பெரும்பாலான ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கும் இடமில்லை. கோவையிலிருந்து நேரே பறக்க வேண்டுமென்றால் ஷார்ஜா உண்டு: சுமார் 2,770 கி.மீ., ஏறக்குறைய நாலு மணி நேரம். அதற்கப்பால் போக வேறு விமானம் மாற வேண்டியதுதான்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள்ளும் ஒரு ரகசியம். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும், மறு ஊரில் போய் நின்றால்தான் நிற்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் பயண நேரம்தான்! உயரே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று வேறு, அமெரிக்கா போகும்போது முகத்தில் மோதும், திரும்பும்போது முதுகைத் தள்ளிவிடும்.

சரி, விமானத்தில் ஏறும் நம் பனியன் பெட்டிக்கு வருவோம். 60×40×40 செ.மீ. அட்டைப்பெட்டி. மூன்றையும் பெருக்கி 6,000-ஆல் வகுங்கள்: 16. உள்ளே 12 கிலோ பனியன்தான் இருக்கிறதா? இருக்கட்டும், 16 கிலோவுக்குக் காசு எடுத்து வையுங்கள்! எடை, இடம் இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் விமானத்தில் கட்டணம். பேக்கிங் பிரிவில் துணியை அமுக்கி அமுக்கி அடுக்குவது பின்னே எதற்காம்?

இவ்வளவு செலவு செய்து யார் அனுப்புவார்கள்? கப்பலைத் தவறவிட்டவர்கள்தான். சாயம் ஏற ஒரு நாள் பிந்தியது, செக்கிங்கில் இரண்டு நாள் போனது, தூத்துக்குடிக்குப் போக வேண்டிய சரக்கு விமானம் ஏறிவிடும். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போனதில் நாட்கள் இன்னும் நீண்டன.

ஆகவே, நியூயார்க் எவ்வளவு தூரம் என்று இங்கே ஏற்றுமதிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் வராது, கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்றுதான் வரும்!