கறிக்குப் பதில் என்ன? முதலில் கணக்கைப் பாருங்கள்!



முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஆலங்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் செம்மண் காட்டில் இயற்கை வேளாண்மை செய்கிறேன். ஊரில் இன்னும் எனக்கு 'மேனேஜர் சார்' என்றுதான் பெயர். இந்தத் தடவை உரம் பற்றியோ பூச்சி பற்றியோ எழுதவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் படித்து முடிக்கும்போது வயலில்தான் வந்து நிற்போம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்தேன். கெட்ட கொழுப்பு ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். "ஞாயிறு, புதன்னு ஆட்டுக்கறி சாப்பிடுறத விடுங்க சார். மாசத்துக்கு ஒரு தடவைன்னா பரவாயில்ல" என்றார் டாக்டர். எனக்குச் சம்பளத்தை நிறுத்தின மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசனை வராவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று வளர்ந்தவன் நான்.

ருசியில் ஜெயித்தோம்

என் மனைவிதான் வழி சொன்னார். "ஏங்க, கறிக்கு ஏது வாசனை? மசாலாவுக்குத்தான் வாசனை. அந்த மசாலாவ வேற எதுலயாவது போட்டுப் பாப்போம்." அன்றைக்கு ஆரம்பித்தோம்.

முதலில் பலாப்பிஞ்சு. எங்கள் பக்கம் பலாவுக்குப் பஞ்சமில்லை. தை, மாசியில் ஒரே கொத்தில் நாலைந்து பிஞ்சு விட்டால், ரெண்டை மட்டும் வைத்துவிட்டு மீதியைக் கழித்துவிடுவோம். அப்படிக் கழித்த பிஞ்சு முன்பெல்லாம் மாட்டுக்குப் போகும். கொட்டை முற்றாத பிஞ்சாகப் பார்த்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி, முள்தோலைச் சீவி, துண்டு போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்தால் நார் நாராகப் பிரியும். மிளகு, சோம்பு, பட்டை அரைத்துப் போட்டுப் பிரட்டினால், பொங்கலுக்கு வந்த மருமகன், "மாமா, கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு" என்றார்! நாங்கள் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னோம்.

அடுத்து சிப்பிக்காளான். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடியவிட்டு, பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் வித்து என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கட்டி, இருட்டறையில் தொங்கவிட்டோம். மூணு வாரத்துக்குள் பை முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. வெளிச்சமும் ஈரமும் கொடுத்ததும் மொட்டு விட்டது. சேனைக்கிழங்கில் வறுவல், வாழைப்பூவில் கோலா உருண்டை என்று வாரம் ஒன்றாக ஓடியது. ஆட்டுக்கறி நினைப்பே குறைந்துபோனது. எதையோ சாதித்துவிட்ட நினைப்பில் இருந்தேன்.

உடம்பில் தோற்றோம்

நாலாவது மாசம் மண்வெட்டி கனத்தது. ஒரு பாத்தி கட்டுவதற்குள் வரப்பில் உட்கார வேண்டி வந்தது. கால் மரத்துப்போகிற மாதிரி ஓர் உணர்வு. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். மனைவிக்கும் அசதி. "மேனேஜர் சார், ஆளு பாதியாப் போயிட்டீங்களே" என்று பக்கத்துக் காட்டுப் பெரியவர் கேட்ட அன்றுதான் பயம் வந்தது.

டாக்டரிடம் போனால் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "கறி போச்சு, சரி. அந்த இடத்துக்கு என்ன வந்துச்சு?"

பலாப்பிஞ்சு, காளான், சேனை, வாழைப்பூ என்று பெருமையாகச் சொன்னேன். கொழுப்புக்குப் பயந்து முட்டையையும் விட்டிருந்தோம். பாலும் காப்பிக்கு மட்டும்தான். பரிசோதனையில் வைட்டமின் பி12 ரொம்பக் குறைவாக இருந்தது. பி12 உடம்பில் வருஷக்கணக்கில் இருப்பு இருக்கும் சத்து. மூணு மாசத்தில் தீராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிடுகிறவர்களுக்கு அது சேருவது குறையும். எனக்கு இருப்பு ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்திருக்கிறது. வரவையும் நானே அடைத்துவிட்டேன். புரதமும் அப்படித்தான்.

கடன் கேட்டு வந்த எத்தனையோ பேரிடம் வரவு செலவு கேட்டவன், என் தட்டுக்குக் கணக்குப் பார்க்கவில்லை.

கணக்கு

கறி நம் சாப்பாட்டில் மூணு வேலை செய்கிறது. ஒன்று, மசாலாவை ஏந்திக்கொள்ளும். ரெண்டு, மென்று தின்கிற பதம் தரும். மூணு, சத்துத் தரும். கறிக்குப் பதில் என்று நாம் வைக்கும் பொருள் இதில் எந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டாக வேண்டும். 100 கிராமுக்கு ஏறக்குறைய எவ்வளவு புரதம் என்று பாருங்கள்:

ஆட்டுக்கறி, கோழிக்கறி: 20 கிராம்
பலாப்பிஞ்சு, சேனை, வாழைப்பூ: 1 முதல் 3 கிராம்
புதுச் சிப்பிக்காளான்: 3 கிராம்
காய்ந்த மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, துவரை, உளுந்து: 20 முதல் 25 கிராம்
நிலக்கடலை: 25 கிராம்
மீல் மேக்கர்: 50 கிராமுக்கு மேல்

பலாவும் காளானும் முதல் ரெண்டு வேலையைப் பிரமாதமாகச் செய்கின்றன. மூணாவது வேலைக்கு ஆளே இல்லை. அவை நல்ல காய்கள், நார்ச்சத்து உண்டு. ஆனால் கறியின் நாற்காலியில் உட்கார வைத்தது என் தப்பு.

இந்தப் பட்டியலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பயறும் மீல் மேக்கரும் காய்ந்த எடை. கறி ஈர எடை. ஊறவைத்தால் மீல் மேக்கர் மூணு மடங்கு கனக்கும். அப்போது 100 கிராமில் 17 கிராம்தான் இருக்கும். வெந்த பயறு என்றால் 7, 8 கிராம். அதனால் ஒரு கரண்டி சுண்டல் பத்தாது. ஒரு கிண்ணம் வேண்டும்.

மீல் மேக்கர் சாப்பிடலாமா?

நிறையப் பேர் கேட்கிறார்கள். அது விஷமில்லை. சோயாவை நசுக்கி, பெரும்பாலும் ஹெக்சேன் என்கிற கரைப்பானால் எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற மாவை, நீரும் சூடும் அழுத்தமும் கொடுத்து எந்திரத்தில் பிதுக்கி எடுப்பதுதான் அது. எண்ணெய் எடுத்த அதே சோயாப் புண்ணாக்குதான் மக்காச்சோளத்தோடு சேர்ந்து பிராய்லர் கோழிக்கும் தீவனமாகிறது. அவசரத்துக்கு வாங்கிச் சாப்பிடுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காடு வைத்திருக்கிறவன், மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்ததை, ஆலையில் பிதுக்கி, பையில் அடைத்து, கடையில் வாங்கித்தான் தின்ன வேண்டுமா? இதுதான் என் கேள்வி.

இன்னொரு செய்தியும் நமக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்கிற கம்பெனி, சோயாப் புரதத்தில் மாட்டுக்கறி மாதிரியே ரத்தச் சிவப்போடு ஒரு பண்டம் செய்கிறது. அந்தச் சிவப்புக்கும் கறி ருசிக்கும் காரணம் லெக்ஹீமோகுளோபின் என்கிற பொருள். சோயாச் செடியின் வேர்முடிச்சில் இருப்பது அது. அதன் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்துத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள்.

இதைப் படித்ததும் நேராகக் காட்டுக்குப் போய் ஒரு தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு! நல்ல முடிச்சு சிவப்பாக இருக்கும், வேலை செய்யாதது வெளுத்திருக்கும் என்று நமக்குத் தெரியும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற இடம் அது. அந்தத் தழைச்சத்துதான் விதையில் புரதமாகிறது. கறிக்குப் பதிலை உலகமே தேடுகிறது. அது நம் வரப்பில் வேர்விட்டு நிற்கிறது.

இப்போது எங்கள் தட்டு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். என் எடை 65 கிலோ. அப்படியானால் 54 கிராம். என் ஒருநாள் வரவு இது: அரிசியோ கம்போ 250 கிராம், அதில் 20, காய்ந்த மொச்சை அல்லது கொள்ளு 50 கிராம், 11, துவரம்பருப்பு 30 கிராம், 6, வறுத்த கடலை ஒரு கை, 7, பாலும் தயிருமாக 300 மில்லி, 10, முட்டை ஒன்று, 6. மொத்தம் 60 கிராம். கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்; பயறுப் புரதம் கறி அளவுக்கு முழுசாகச் செரிப்பதில்லை.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது இருக்கிறது. இட்லியிலும் பருப்புச் சோற்றிலும் நம் பாட்டிமார்கள் ரெண்டையும் சேர்த்தது வீண்போகவில்லை.

செய்முறையும் மாறிவிட்டது. மொச்சையை ராத்திரி ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி, கறிமசாலாவில் குழம்பு வைக்கிறோம். பலாப்பிஞ்சை விடவில்லை, அதோடு மொச்சையைச் சேர்த்துவிட்டோம். வாழைப்பூக் கோலாவில் கடலைப்பருப்பைக் கூட்டிவிட்டோம். கொள்ளை முளைகட்டிச் சுண்டல் செய்கிறோம். இரும்புச்சத்து சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ பக்கத்தில் இருக்கும். சாப்பிட்டவுடன் குடிக்கிற டீயை நிறுத்திவிட்டேன், அது இரும்பைத் தடுக்கும். பி12 மட்டும் எந்தப் பயறிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. பத்தாதவர்களுக்கு மாத்திரையோ ஊசியோதான் வழி. எனக்கு ஊசி போட்டார்கள். சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலம் உள்ளவர்கள் பயறைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

ஆறு மாசத்தில் கால் மரப்பு குறைந்தது. கொழுப்பும் இறங்கியிருக்கிறது, அதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. மண்வெட்டி மறுபடி கைக்கு வந்துவிட்டது.

வயலுக்கு வருவோம்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வம்பனில்தான் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்தப் பலகையை ஆயிரம் தடவை தாண்டிப் போயிருப்பேன். ஆனாலும் ஓய்வு பெற்று வந்ததும் நான் போட்டது கடலை மட்டும்தான். பயறைக் கடையில் வாங்கினேன்.

போன ஆடியில் மாற்றினேன். கடலைக்குள் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. ஓரத்தில் தட்டைப்பயறு. வேலியோரம் நாட்டு மொச்சை. அது பனிக்காலத்தில்தான் பூக்கும், பொங்கலுக்குப் பச்சைக்காய் வந்துவிடும். மழை ஓய்கிற சமயம் சும்மா கிடந்த மேட்டில் கொள்ளு. ரைசோபியத்தை ஆறின அரிசிக்கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி விதைத்தேன். வேறு செலவு பெரிதாக இல்லை. வீட்டுக்கு வருஷத்துக்கு வேண்டிய பயறு போக, மண்ணுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

"அப்ப ஆட்டை வித்துரலாமா?" என்று மனைவி கேட்டார். வேண்டாம் என்றேன். எட்டு ஆடு இருக்கின்றன. அவற்றின் எரு இல்லாமல் என் செம்மண் ஒன்றும் கொடுக்காது. ஊர்க் கோயிலில் கிடா வெட்டினால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மாசத்துக்கு ஒரு ஞாயிறு வீட்டிலும் கறி உண்டு. நான் கறியை வெறுத்தவன் இல்லை, குறைத்தவன்.

கறியைக் குறைக்க நினைக்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ருசிக்கு ஒரு பதில் தேடுங்கள், சத்துக்கு ஒரு பதில் தேடுங்கள். ரெண்டும் ஒரே பொருளில் கிடைக்கும் என்று நம்பி என்னைப் போல ஏமாறாதீர்கள். வருகிற ஆடியில் வேலியோரம் ஒரு வரிசை மொச்சை ஊன்றுங்கள். தை மாசம் குழம்பு வைத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.