செஷன் மூடிய பிறகு

இரவு ஓடும் ஜாப் மட்டும் "லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன்" என்று விழுகிறது, அதே கோடு வெப் பக்கத்தில் ஒழுங்காக ஓடுகிறதே, ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். ஹைபர்நேட்டோடு பழகியவர்களுக்குப் பரிச்சயமான பிழைதான். அதன் பின்னால் இருக்கும் வித்தை எனக்கு இன்றும் வியப்பு.

டேட்டாபேஸிலிருந்து ஓர் ஆர்டரை எடுக்கிறோம். அதில் கஸ்டமரை 'லேஸி' என்று குறித்திருந்தால், கைக்கு வருவது கஸ்டமர் அல்ல. கஸ்டமர் கிளாஸுக்கு ஒரு துணைக் கிளாஸை ஹைபர்நேட் தானே உருவாக்கி, அதிலிருந்து ஒரு ப்ராக்ஸியை அந்த இடத்தில் வைத்துவிடுகிறது. அதனிடம் இருப்பது ஐடி மட்டுமே. 'கெட்கிளாஸ்' போட்டுப் பார்த்தால் பெயரோடு 'ஹைபர்நேட்ப்ராக்ஸி' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெயரையோ முகவரியையோ கேட்கும்போதுதான் ஒரு செலக்ட் ஓடும். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் செருப்பை விட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. கடைக்காரர் பூட்டிக்கொண்டு போய்விட்டால் டோக்கனால் பயனில்லை. இங்கே கடை என்பது செஷன்.

ஸ்பிரிங் பூட்டில் 'ஓப்பன் இன் வியூ' சொல்லாமலே இயக்கத்தில் இருக்கும். வெப் கோரிக்கை முடியும்வரை செஷனை அது திறந்தே வைக்கும். இரவு ஜாபுக்கு அந்தச் சலுகை கிடையாது. டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் செஷன் மூடிவிடும், அதன் பிறகு ப்ராக்ஸியைத் தொட்டால் பிழை. வாசகருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

உடனே எல்லாவற்றையும் 'ஈகர்' ஆக்கிவிடும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. பிழைச் செய்தி போகும், நோய் போகாது. ஜேபிக்யூஎல்லில் 100 ஆர்டர்களைக் கேட்டால், கஸ்டமர்கள் 100 பேரும் வேறு வேறானால், 'ஈகர்' இருந்தும் 1 + 100 குவெரிகள் ஓடும். டிரான்சாக்‌ஷன் இல்லாமலே லேஸியை ஏற்ற அனுமதிக்கும் செட்டிங் இன்னும் மோசம். தொடும் ஒவ்வொரு முறையும் தற்காலிக செஷன் ஒன்றைத் திறக்கிறது. பிழையின் வாயை அடைப்பதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேவைப்படும் அந்த ஒரு குவெரியில் மட்டும் 'ஜாயின் ஃபெட்ச்' போடுங்கள். ஆர்டரும் கஸ்டமரும் ஒரே செலக்டில் வந்துவிடும். அதற்கு முன், டெவலப்மென்ட் மெஷினில் ஹைபர்நேட்டின் எஸ்க்யூஎல் லாகை டீபக் நிலையில் வைத்து, எத்தனை குவெரி ஓடுகிறது என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.