விடுதலையும் ஒருமையும்

அந்நியர் ஆட்சியை நீக்குதல் அரிது. நீக்கியபின் ஒன்றுபட்டு நின்று தம்மைத் தாமே ஆளுதல் அதனினும் அரிது. ஐக்கிய அமெரிக்காவின் பிறப்பை ஆராயுமிடத்து இவ்வுண்மை நமக்குத் தெற்றெனப் புலனாகும். 1776ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாளை அந்நாட்டின் பிறந்தநாளெனக் கொண்டாடுவர். ஆயின் அன்று தோன்றியது ஒரு நாடன்று. தத்தம் வழியே செல்ல விழைந்த பதின்மூன்று நாடுகளின் கூட்டமே எனல் பொருந்தும்.

பூசல் மூண்டது எவ்வாறு? பிரான்சுடன் நிகழ்ந்த நெடும்போரில் 1763இல் வாகை சூடிய பிரித்தானியா பெருங்கடன் பட்டிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவிலே ஒரு பகுதியைக் குடியேற்ற நாட்டார்மீது சுமத்தக் கருதி, 1765இல் முத்திரை வரிச் சட்டத்தை இயற்றியது. வரியின் அளவினும், அதனை விதித்தவர் யாரென்பதே மக்களை உறுத்தியது. தம் பிரதிநிதி ஒருவரேனும் அமராத பாராளுமன்றம் தம்மிடம் வரி தண்டுதல் முறையன்று என்றனர். அச்சட்டம் அடுத்த ஆண்டே நீங்கினும் வேறு வரிகள் தொடர்ந்தன. 1773ஆம் ஆண்டு திசெம்பர் 16ஆம் நாளிரவு, பொஸ்ரன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் வீசப்பட்டது. அது நம் மலைநாட்டுத் தேயிலையன்று. கிழக்கிந்தியக் கம்பனி சீனத்திலிருந்து கொணர்ந்தது. மலிவாகக் கிடைக்கவிருந்த அதனையும் மக்கள் வெறுத்தமைக்கு உரிமை வேட்கையே பெருங்காரணமாம். கடத்தல் வணிகரின் நட்ட அச்சமும் அதனுடன் கலந்திருந்ததை நாம் மறைத்தற்கில்லை.

1775 ஏப்பிரலில் லெக்சிங்டனில் போர் தொடங்கியது. 1778இல் பிரான்சு துணை சேர்ந்தது. 1781இல் கோண்வாலிசு பிரபு யோர்க்டவுணிற் சரணடைந்தார். 1783இல் பாரிசு உடன்படிக்கையால் விடுதலை உறுதியாயிற்று. வெற்றித் தளபதியாகிய வாஷிங்டன் முடி சூட விரும்பினாரல்லர். அவ்வாண்டு திசெம்பரில் தம் பதவியைப் பேரவையிடம் மீள ஒப்படைத்துத் தம் ஊர் சென்றார்.

இனித்தான் இடர் தோன்றிற்று. வரிக்கு அஞ்சிப் போராடிய மக்கள், தம் பேரவைக்கும் வரி விதிக்கும் அதிகாரத்தை அளித்திலர். அது நாடுகளிடம் பொருள் வேண்டலாம், கட்டாயப்படுத்தலாகாது. போராடிய வீரருக்குச் சம்பளங் கொடுக்கவும் வழியில்லை. இறக்குமதித் தீர்வை விதித்தற்குப் பதின்மூன்று நாடுகளும் இசைய வேண்டியிருந்தது. றோட் ஐலண்ட் என்னுஞ் சிறு நாடு 1782இல் மறுக்கவே முயற்சி முறிந்தது. 1786இல் மசாச்சூசெற்சிற் கடன்பட்ட உழவர் கிளர்ந்தெழுந்தனர். அதனை அடக்கவும் பேரவைக்கு வலியில்லை.

ஆகவே 1787இல் பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் கூடினர். பெரிய நாடுகள் குடித்தொகைக்கேற்ற இடங்களைக் கோரின. சிறிய நாடுகள் சமவிடங் கோரின. கீழவையில் முன்னதும் மேலவையில் பின்னதுமென இணங்கினர். இவ்விணக்கம் போற்றத்தக்கது. மற்றோர் இணக்கமோ நெஞ்சைச் சுடுவது. பிரதிநிதிகளின் தொகையைக் கணிக்குமிடத்து ஐந்து அடிமைகளை மூவராக எண்ணவும், 1808க்கு முன் அடிமை இறக்குமதியைத் தடுக்காதிருக்கவும் உடன்பட்டனர். மக்கள் யாவரும் சமமெனப் பறைசாற்றிய நாட்டின் அடித்தளத்திலேயே இப்பிளவு இடப்பட்டது.

1789இல் வாஷிங்டன் முதற் சனாதிபதியானார். 1791இல் குடிகளின் உரிமைகள் அரசியல் யாப்பிற் சேர்க்கப்பட்டன. நாடு நிலைத்தது. ஆயினும் அன்று ஒதுக்கிவைத்த கடன் அழிந்திலது. 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட வீரர் மாண்டபின்னரே, 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது.

வரலாறு பயிலும் மாணவர் இங்கே இரண்டினைக் கருத்திற் கொள்ளல் நன்று. விட்டுக்கொடுத்தலின்றி எந்நாடும் அமையாது. ஆயின் நம் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தல் வேறு. அவையில் வாய்திறக்க இடமற்ற பிறருரிமையை விட்டுக்கொடுத்தல் வேறு. முன்னது நாட்டை ஆக்கும். பின்னதற்குரிய விலையைப் பின்வருஞ் சந்ததியார் வட்டியோடு செலுத்துவர்.