கணிப்பொறியின் தமுக்கு



எங்கள் நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நீரே அதற்கு உயிர். கரைக்கு ஆபத்து என்று தமுக்கு முழங்கினால், உழவன் ஏரைப் போட்டது போட்டபடி ஓடலாகாது. எடுத்த சாலை முடித்து, மாடுகளை அவிழ்த்துக் கட்டிய பின்னரே ஓட வேண்டும். இன்றேல் மாட்டுக்கும் கேடு, ஏருக்கும் கேடு.

கணிப்பொறியினுள்ளும் இத்தகைய தமுக்கு ஒன்று உண்டு. அதனைச் 'சிக்னல்' என்பர். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தின் வழிவந்தவை அனைத்திலும் இம்முறை உண்டு. சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வழியினதே.

சிக்னல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கண்ட்ரோல் விசையையும் 'சி' விசையையும் சேர்த்து அழுத்தினால், ஓடும் நிரலுக்கு 2ஆம் எண் செல்லும். 'வேலையை முடித்துக்கொள்' என்று பணிவுடன் கூறுவது 15. 'ஒழிக' என்பது 9. முதலிரண்டையும் நிரல் கேட்டுத் தக்கது செய்யலாம். 9ஐத் தடுக்கவோ தள்ளவோ எந்நிரலுக்கும் இயலாது. கணிப்பொறியை முறைப்படி அணைக்கும்பொழுது, இயக்குதளம் முதலில் 15ஐ அனுப்பிச் சற்றுப் பொறுக்கும். அதன் பின்னும் ஓடும் நிரல்களுக்கே 9ஐ அனுப்பும். அந்த இடைவேளைதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலை நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். பாதியில் 15 வந்தால், நாம் ஒன்றும் சொல்லி வைக்காவிடில் நிரல் அங்கேயே மடியும். பட்டியலும் அரைகுறையாய் நிற்கும். ஒரு மாணவனின் ஆண்டு உழைப்பே மறையக்கூடும்!

இதற்குப் பரிகாரம் யாது? பைத்தான் மொழியின் நியம நூலகத்தில் 'சிக்னல்' என்றே ஒரு பகுதி உள்ளது. இன்ன எண் வந்தால் இன்ன செயற்கூறினை அழைக்க என்று அதில் பதிந்து வைக்கலாம். சிக்னல் வந்தவுடன் பைத்தான் துண்டின் முனையில் முடிச்சிடுவதுபோல் ஒரு குறிப்பு மட்டும் வைத்துக்கொள்ளும். கையிலுள்ள சிறு கட்டளையை முடித்த பின்னரே, முதன்மை இழையில் நம் செயற்கூறினை இயக்கும். சி மொழியிலோ, சிக்னல் எவ்விடத்திலும் குறுக்கிடும். ஆதலின் அங்கே அச்சிடுதல், நினைவகம் கேட்டல் முதலியன ஆபத்தாகும்.

நம் செயற்கூறும் அம்முடிச்சு முறையையே பின்பற்றட்டும். 'நிறுத்துக' என்று குறித்துவிட்டு அது விலகிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவன் வரியையும் எழுதி முடித்ததும் நிரல் அக்குறிப்பை நோக்கி, கோப்பினை மூடி, முறையாக விடைபெறட்டும்.

9 வந்தாலோ, மின்சாரமே நின்றாலோ என் செய்வது? பட்டியலைத் தனிக் கோப்பில் முழுதும் எழுதி, அது வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்த பின்னரே பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். அப்பொழுது பழையதாவது முழுமையாய் இருக்கும்; அன்றிப் புதியதாவது முழுமையாய் இருக்கும்.

தொடங்கக் கற்பது எளிது. ஒழுங்காக முடிக்கக் கற்பதே கல்வி. உங்கள் அடுத்த நிரலில் இதனைச் செய்து பாருங்கள்.