ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது உயிரை வாங்கும்! குற்றாலம் பக்கம் மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டும் வாலிபர்களே உஷார்

தென்காசி:-

குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கினால் அருவிக்கரையில் கூட்டம் குவியும். அதே நேரத்தில் இன்னொரு கூட்டமும் வீட்டை விட்டு கிளம்பி விடுகிறது. அதுதான் கியர் சைக்கிள் கூட்டம். தலையில் ஹெல்மெட், முதுகில் பை, அகல டயர் போட்ட சைக்கிள். விடியற்காலை தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை பக்கம் போனால் இவர்களைப் பார்க்கலாம்.

இந்த ஊருக்கு சைக்கிள் புதுசு இல்லை. மத்தளம்பாறையில் குடியேறிய ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, கிராமத்து ரோட்டில் சைக்கிள் மிதிக்கும் படங்கள் பல தடவை பத்திரிகைகளில் வந்து விட்டன. பள்ளி மாணவர்கள், கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர்கள் என்று சைக்கிளை நம்பி இருப்பவர்களும் ஏராளம்.

சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பெட்ரோல் வேண்டாம். ஹெல்மெட் போடச் சொல்லி சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தானோ என்னவோ, பல பேர் பிரேக்கையும் கண்டுகொள்வதில்லை. கீழே விழுந்து கை, கால் சிராய்த்துக்கொண்டு வருபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "இறக்கத்துல பிரேக் பிடிக்கல!"

பிடிக்காமல் போவது ஏன்?

டீ தண்ணீர் கொதிக்கும் சூடு

ஒரு ஆள் 65 கிலோ, சைக்கிள் 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80 கிலோ. இந்த எடை 100 மீட்டர் உயரத்தில் இருந்து வேகம் கூடாமல் கீழே இறங்க வேண்டும் என்றால், அந்த சக்தி முழுவதும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கொஞ்சம் காற்றில் போகும். மீதி எல்லாம் பிரேக்கில் சூடாக மாறும்.

அந்த 100 மீட்டர் இறக்கத்தின் மொத்த சூட்டையும் சேர்த்து வைத்தால் கால் லிட்டர் தண்ணீரை கொதிக்க வைத்து விடலாம். அதாவது 2 டீக்கு தண்ணீர் ரெடி! அவ்வளவு சூட்டையும் தாங்குவது விரல் நீள ரப்பர் கட்டைகள்தான். இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வந்தால் கட்டை இளகி வழுக்கும். ரிம் கொதிக்கும். டியூபில் பழைய பஞ்சர் ஒட்டு இருந்தால் அது விட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. மலை சைக்கிள் விளையாட்டு பிறந்த கதையே பிரேக் சூட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் கவுண்டி என்ற பகுதி உள்ளது. அங்கே 1970-களில் சில வாலிபர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்கு கொண்டுபோய் மண் ரோட்டில் சீறி இறங்கினார்கள். 1976-ல் இதை பந்தயமாகவே நடத்தினார்கள்.

அந்த சைக்கிள்களில் பெடலை பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக். அதுவே அந்த பந்தயத்துக்கு பெயராகி விட்டது. அங்கே ஆரம்பித்த விளையாட்டு 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் வரை போய் சேர்ந்தது.

சாரலில் இரட்டை ஆபத்து

நம்ம ஊரில் சூட்டோடு ஈரமும் சேர்ந்து கொள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் வழிக்கும். அதற்குப் பிறகுதான் பிடிக்கும். லிவரை அழுத்தியும் சைக்கிள் கொஞ்ச தூரம் தன் போக்கில் ஓடும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 8 மீட்டர் தூரம் போகும். 2 நொடி பிரேக் பிடிக்கவில்லை என்றால் 16 மீட்டர். எதிரே லாரி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புளியரை எஸ் வளைவில் இது வெறும் பேச்சு இல்லை. கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் கேரளாவுக்கு லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும் இடம் அது. பண்பொழி திருமலைக்கோவில் மலைப்பாதையிலும் வளைவுகள் உண்டு. வேன், கார், பக்தர்கள் என்று எப்போதும் நடமாட்டம் இருக்கும். ஐந்தருவி ரோட்டில் மரத்தடியில் நனைந்த இலையும் பாசியும் கிடக்கும். அதன் மேல் முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்தான்!

எப்படி பிடிக்கணும்?

* எந்த லிவர் முன் பிரேக், எது பின் பிரேக் என்று முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். இரவல் சைக்கிள், செகண்ட் ஹேண்ட் சைக்கிள் என்றால் கட்டாயம் பார்க்கணும்.

* பிரேக் போட்டதும் உடம்பு எடை முன்னால் சாயும். அதனால் முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். ஆனால் செங்குத்து இறக்கத்தில் அதை மட்டும் இறுக்கினால் குப்புற கவிழ்த்து விடும். இரண்டையும் சேர்த்து பிடிக்க வேண்டும். இடுப்பை சீட்டுக்கு பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

* வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை இறுக்கினால் டயர் வழுக்கும்.

* விட்டு விட்டு பிடித்தால் கட்டையும் ரிம்மும் ஆறும். நனைந்த ரிம் என்றால் இறக்கம் தொடங்கும் முன்பே லேசாக பிடித்துப் பிடித்து தண்ணீரை வழித்து விட வேண்டும்.

* நீண்ட இறக்கத்தில் நடுவில் ஓரமாக நின்று 5 நிமிடம் இளைப்பாறலாம். டிஸ்க் பிரேக் என்றால் உடனே கை வைத்துப் பார்க்கக்கூடாது. தோல் பொசுங்கி விடும்.

* கீச் கீச் என்று சத்தம் வருகிறதே என்று ரிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் விடக்கூடாது. சத்தம் போய்விடும். பிரேக்கும் போய்விடும்!

* இறக்கத்தில் டபுள்ஸ் வேண்டவே வேண்டாம். எடை ஏற ஏற பிரேக்கில் சூடும் ஏறும்.

முள்ளும் காற்றும் குரங்கும்

பிரேக் தவிர மற்ற தொல்லைகளும் உண்டு. தென்காசியின் கிழக்குப் பக்கம் போனால் கருவேல முள். அகல டயரையும் துளைத்து விடும். பையில் ஒரு மாற்று டியூப், ஒட்டு சாமான், டயர் லிவர், சின்ன பம்பு இருந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டாம். டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம் என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சாகி இருக்கும். அதற்கு மேல் அடிக்க வேண்டாம்.

அடுத்து காற்று. செங்கோட்டை கணவாய் வழியாக வரும் காற்றில்தான் இந்தப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் சைக்கிள் எம்மாத்திரம்? பக்கவாட்டில் அடிக்கும்போது ரோட்டின் நடுவுக்கு தள்ளி விடும். லாரி தாண்டிப் போகும் நேரத்தில் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.

அருவி பக்கம் சைக்கிளை நிறுத்தி பையை அதில் மாட்டி விட்டுப் போனால் குரங்கு பார்த்துக்கொள்ளும். பையில் பழமோ முறுக்கோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சாரலில் நனைந்த செயினை வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து 4 சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லை என்றால் சில நாளிலேயே துரு ஏறி, மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது செயின் அறுந்து விடலாம்.

காட்டுப்பாதை ஆசை வேண்டாம்

மலை சைக்கிள் வாங்கியாச்சு, காட்டுக்குள்ளே போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. செண்பகாதேவி, தேனருவி எல்லாம் வனப்பகுதியில் இருப்பவை. அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் பலியான பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகி விட்டன.

வடகரை, மேக்கரை பக்கம் தோப்புகளுக்குள் யானைகள் வந்து போகின்றன. பொழுது சாய்ந்த பிறகு அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது விஷப்பரீட்சை. ஓடை ஓரப்பாதையும் அப்படித்தான். இங்கே வெயில் அடிக்கும், மலை மேலே கொட்டும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைப் பறித்தது. அதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஓட்டிப் பழக நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. "ரோஜா" படம் எடுத்த சுந்தரபாண்டியபுரம் பக்கம் வயல் ரோடு சமதளம். சூரியகாந்தி பூக்கும் நேரத்தில் கண்ணுக்கும் விருந்து. புதியவர்கள் அங்கே ஓட்டி, பிரேக் பிடித்துப் பழகிய பிறகு மேடு ஏறலாம்.

கிளம்பும் முன் 2 நிமிடம்

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துங்கள். முன் பிரேக்கை பிடித்து முன்னால் தள்ளுங்கள். பின் பிரேக்கை பிடித்து தள்ளுங்கள். சக்கரம் சுற்றக்கூடாது. லிவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது. கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறைந்திருந்தால் தேய்ந்து விட்டது, மாற்றியே ஆக வேண்டும். பின்னால் ஒரு சிவப்பு லைட் இருக்கட்டும். மூடுபனியில் லாரி டிரைவருக்கு அது மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சைக்கிளையும் பெற்றோர் மாதம் ஒரு முறை இப்படி பார்த்து விடுவது நல்லது. பிரானூர் பார்டரில் குடும்பத்தோடு பரோட்டா, நாட்டுக்கோழி சாப்பிடும் செலவில், வீட்டில் உள்ள சைக்கிள்களுக்கெல்லாம் பிரேக் கட்டை மாற்றி விடலாம்.